கப்பல் கடிதமும் கைரேகை மையும்

பதினோரு வயதில் நான் ஒரு கடிதத்தின் மூலைகளில் கறுப்பு மையை ஈஷி வைத்தேன். அது கைதவறி நடந்தது. ஆனால் அதைச் செய்தவன் நான்தான் என்று சொல்லாமல் இருந்தது கைதவறி நடந்ததல்ல. அந்த மையால் என் அத்தையின் கணவர் கடலை விட்டுக் கரையேறினார். கடலைப் பற்றிப் பேசும்போது மட்டும் முகம் மாறுகிற மனிதர் அவர். இதை ஐம்பது வருடத்துக்கு மேல் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட இல்லை. போன தை மாதம் சொன்னேன். சொன்னதால் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். என் தரப்பு நியாயத்தோடு நிறுத்திக்கொண்டால் அது இன்னொரு ஒளிப்பு.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் இருக்கிறது. அப்பா பத்திரம் எழுதுகிறவர். காலையில் சைக்கிளில் அம்பாசமுத்திரம் போவார். பதிவு அலுவலகத்து வேப்பமரத்தடியில் மேசை போட்டு, ஊராருடைய வயலையும் வீட்டையும் ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்றி எழுதுவார். பொழுது சாயத் திரும்புவார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் பெருவிரலை உருட்டி எடுக்க ஒரு மைப்பெட்டி வைத்திருந்தார். அதே போல் இன்னொன்று வீட்டு மாடக்குழியில் கிடக்கும். அந்த மை சோப்புக்கு அசையாது. அப்பாவின் வலது கை விரல் இடுக்குகள் எப்போதும் கறுத்தே இருக்கும்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. மாமா கடற்படையில் இருந்தார். கப்பலில் தந்திக் கருவியில் செய்தி அனுப்புவதும் வாங்குவதும் அவர் வேலை. அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. கல்யாணத்துக்கென்று கிடைத்த ஒரு மாத விடுப்பு முடிந்ததும் அத்தையை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுக் கப்பலுக்குப் போனார்.

அந்த ஒரு மாதமும் எனக்குத் திருவிழா. சாப்பிட உட்கார்ந்தால் தம்ளரில் கரண்டியால் டக் டக்கென்று தட்டி, "இப்ப என்ன கேட்டேன் சொல்லும் வே மருமவனே" என்பார். நான் விழிப்பேன். "இன்னும் ரெண்டு இட்லி" என்று அவரே பதில் சொல்வார். ராத்திரியில் கடல் தண்ணீர் பச்சையாக எரியும் என்பார். பறக்கிற மீன் தளத்தில் வந்து விழுந்து துள்ளும் என்பார். புயலில் கப்பல் தலைகுப்புறப் பாய்ந்து மறுபடி நிமிர்வதை அவர் உடம்பாலேயே செய்து காட்டுவார். அம்மா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அத்தை கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு பாத்திரம் கழுவ வேண்டும் என்று எழுந்து போய்விடுவாள். பாத்திரங்கள் முன்பே கழுவிக் கவிழ்த்திருக்கும்.

அதன் பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. அவை அப்பாவின் பெயருக்கு வரும். மனைவி அண்ணன் வீட்டில் இருந்தால் அண்ணனுக்கு எழுதுவதுதான் அப்போது முறை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அப்பா கூடத்தில் உட்கார்ந்து பத்திரம் வாசிக்கிற குரலில் வாசிப்பார். அன்புள்ள அத்தான் அவர்களுக்கு என்று தொடங்கி, கப்பல் சாப்பாடு, பம்பாய் மழை, ஊரில் நடவு எப்படி என்றெல்லாம் போகும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: நான் சௌக்கியம் என்று தங்கள் தங்கையிடம் தெரிவிக்கவும். அப்பா அடுக்களைப் பக்கம் தலையைத் திருப்பி, "ஏட்டி, சௌக்கியமாம்" என்பார்.

"கேட்டுச்சு" என்று உள்ளிருந்து பதில் வரும்.

கடிதம் அப்பாவுக்கு. உறை எனக்கு. பள்ளிக்கூடத்தில் அப்போது எல்லோருக்கும் தபால்தலை சேர்க்கிற பைத்தியம் பிடித்திருந்தது. வாழைக்காய் மண்டிக்காரர் மகன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். அவனுடைய ஆல்பத்தில் எங்களுக்கு வாயில் நுழையாத நாடுகளெல்லாம் இருந்தன. என்னிடம் இருந்தது கப்பல் உறைகள் மட்டும். படையில் இருக்கிறவர்களுக்குத் தபால் இலவசம் என்பதால் அவற்றில் தபால்தலையே இருக்காது. "ஏலே, உன் கவரெல்லாம் மொட்டைலே" என்று அவன் வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னான்.

என் மானத்தைக் காப்பாற்றியவர் தபால்காரர். "தபால்தலை எந்தக் கடையிலயும் கெடைக்கும். கப்பல்ல குத்தின முத்திரை உன்கிட்ட மட்டுந்தான இருக்கு" என்றார். முத்திரை என்று ஒன்று இருப்பதையே அன்றைக்குத்தான் கவனித்தேன். நங்கூரம் போட்ட வட்டம், வளைவாகக் கப்பலின் பெயர், நடுவில் தேதி. உறைகளைத் தேதி வரிசைப்படி அடுக்கி ஒரு பழைய வேட்டிப் பெட்டியில் வைத்தேன். எழுபத்தொன்றாம் வருடக் கடைசியில் போர் தொடங்கியதும் முத்திரையும் மாறியது. நங்கூரம் இல்லை, பெயர் இல்லை. வெறும் வட்டத்துக்குள் ஓர் எண்ணும் தேதியும். "எங்கன வச்சுக் குத்தினதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும்" என்றார் தபால்காரர்.

இந்தச் செய்தி மண்டிக்காரர் மகன் காதுக்குப் போயிற்று. போர்க் கப்பலில், போர் நடக்கும்போது குத்திய முத்திரை என்றதும் அவனுக்கு எச்சில் ஊறிவிட்டது. முக்கோணத் தபால்தலை ஒன்று தருவதாகச் சொன்னான். அந்த முக்கோணத்தைத் தொட்டுப் பார்க்கவே நாங்கள் வரிசையில் நின்றவர்கள். என்னிடம் இருந்த ஒன்றில் தேதி கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டான். "எண்ணு தெரியணும், தேதி தெரியணும். ஈ மொச்ச மாதிரி இருந்தா செல்லாதுலே."

அந்த நாட்களில்தான் நம் கப்பல் ஒன்று கடலில் மூழ்கடிக்கப்பட்டதாக வானொலியில் சொன்னார்கள். எங்கள் தெருவில் ரேடியோ இருந்தது ஒரே வீட்டில். கப்பலின் பெயரைச் சொல்லும் நேரத்தில் அது கரகரத்துவிட்டது. கூடி நின்றவர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அப்பா மறுநாள் அம்பாசமுத்திரத்தில் விசாரித்துவிட்டு வந்து, மாமாவின் கப்பல் இல்லை என்றார். ஆனால் அதற்குள் இன்னொன்றும் மூழ்கிவிட்டதாக ஊரில் பேச்சு. பிறகு ஒரு வாரத்துக்கு மேல் கடிதம் இல்லை. வீட்டில் தாளிக்கிற சத்தம்கூடக் குறைந்துவிட்டது. அத்தை வழக்கம்போல் கோலம் போட்டாள், தண்ணீர் எடுத்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்காமலே அவளோடு பேசினாள்.

நான் தினமும் தபால் நிலைய வாசலில் நின்றேன். மாமாவுக்காக நின்றேன் என்று எழுத ஆசைதான். முத்திரைக்காகவும் நின்றேன்.

ஒருநாள் மத்தியானம் கடிதம் வந்தது. தபால்காரர் கூட்டத்துக்கு நடுவிலிருந்தே கையை நீட்டி, "ஓடிப்போய்க் குடுலே, வீட்டில உசிரைக் கையில பிடிச்சிட்டு இருக்காவ" என்றார். நான் ஓடத்தான் செய்தேன். வீட்டுக் கொல்லை வரைக்கும் ஓடினேன். அங்கே வைக்கோல் படப்புக்குப் பின்னால் நின்று உறையைப் பார்த்தேன். முத்திரை பாதி வட்டம்தான் விழுந்திருந்தது. எண்ணும் தேதியும் நிழல் மாதிரி இருந்தன. கடிதத்தைக் கொடுத்துவிட்டால் உறை ராத்திரிதான் என் கைக்கு வரும்; விளக்கு வெளிச்சத்தில் அந்த நிழலைப் பார்த்து எழுத முடியாது. மண்டிக்காரர் மகன் பரீட்சை விடுமுறைக்கு மறுநாள் காலையே வெளியூர் போகிறவன். ஐந்து நிமிடம் போதும் என்று நினைத்தேன்.

மாடக்குழியிலிருந்து மைப்பெட்டியை எடுத்து வந்தேன். ஈர்க்குச்சியை மையில் தொட்டு வட்டத்தைப் பூர்த்தி செய்தேன். எண்ணின் மேல் எழுதினேன். தேதியின் மேல் எழுதினேன். மூச்சை அடக்கிக்கொண்டு, அவ்வளவு அழகாக. தேதி வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. வட்டத்தின் வெளிக்கோடு கடைசியில் ஊறிப் பரவத் தொடங்கியது. பெருவிரலால் ஒற்றினேன். மூலை முழுக்க அப்பிக்கொண்டது. திருப்பிப் பிடித்தேன். பிடித்த இடமெல்லாம் ஒட்டியது. எச்சில் தொட்டுத் துடைத்ததில் மற்ற மூலைகளும் கறுத்துப்போயின. தபால்காரர் எறிந்துவிட்டுப் போனது மாதிரி அதை வாசல் நடையில் போட்டுவிட்டு, விரலைத் தேய்க்க ஆற்றுக்கு ஓடினேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணக் கடிதம் என்றால் மூலைகளில் மஞ்சள் தடவி வரும். சாவுச் செய்தி என்றால் கறுப்பு மை. கறுப்புத் தடவிய கடிதத்தை வீட்டுக்குள் எடுத்துப் போக மாட்டார்கள். வெளியில் நின்று வாசித்து, கிழித்துப் போட்டுவிட்டுக் குளித்துத்தான் உள்ளே போவார்கள். இது எனக்கும் தெரிந்த விஷயந்தான். நான் அன்றைக்குப் பார்த்தது முத்திரையை மட்டும்.

மணலில் தேய்த்து விரல் சிவந்து நான் திரும்பியபோது வாசலில் தெருவே நின்றது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கடிதம் கோலத்துக்கு வெளியே மண்ணில் கிடந்தது. காற்றில் பறக்காமலிருக்க யாரோ அதன் மேல் ஒரு கல்லை வைத்திருந்தார்கள்.

"கையெழுத்து மாப்பிள்ளை கையெழுத்து மாதிரில்லா இருக்கு" என்றார் ஒருவர்.

"அவரு எழுதிப் பெட்டியில வச்சிருப்பாரு. கப்பல்ல உள்ளவங்க எடுத்து மை தடவி அனுப்பியிருப்பாங்க" என்றாள் எதிர்வீட்டு ஆச்சி. இப்படிப்பட்ட காரியங்களில் அவள் சொல்வதற்கு ஊரில் மறுபேச்சு கிடையாது.

"பிரிச்சுப் பாத்திரலாமே."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அவுக பேருக்கு வந்தது. அவுக வரட்டும்."

அப்பாவை அழைத்துவர ஒருவர் சைக்கிளில் அம்பாசமுத்திரம் போயிருந்தார். நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. வாயைத் திறந்தேன்கூட. பிறகு என் புத்தி வேலை செய்தது. அப்பா வருவார், பிரிப்பார், மாமா சௌக்கியம் என்று தெரிந்துவிடும். சாயங்காலம் தானாகத் தீரப்போகிற விஷயத்துக்கு நான் ஏன் இப்போதே அடி வாங்க வேண்டும்? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூட்டத்தோடு நின்றேன்.

அத்தை அழவில்லை. கடிதத்தின் அருகே போய்க் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். தொடவில்லை. "தொட்டுராதே ஏட்டி" என்று அம்மா கத்தினாள். அத்தை நிமிர்ந்து உள்ளே போனாள். மஞ்சள் நனைத்த துணியில் காசு ஒன்றை முடிந்து எடுத்து வந்தாள். கிழக்கே திருச்செந்தூர் இருக்கிற திசையைப் பார்த்து நின்று, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்:

"முருகா, எம்புருசன் உசிரோட இருந்தா, இந்தப் பத்து வருசக் கெடு முடிஞ்சதும் அவரைக் கப்பலை விட்டு இறக்கிருதேன். அதுக்கப்புறம் உப்புத்தண்ணியில அவரு கால் படாது. இது சத்தியம்."

அத்தை அவ்வளவு சத்தமாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

பொழுது சாய அப்பா வந்தார். சைக்கிளைச் சுவரில் சாத்தக்கூட இல்லை, கீழே போட்டார். கடிதத்தைக் கல்லுக்கு அடியிலிருந்து எடுத்துப் பிரித்தார். கொஞ்சம் வாசித்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பத்திரக் குரலை வரவழைத்து உரக்க வாசித்தார். போர் நடந்தாலும் தாம் நலம். கப்பல் சாப்பாட்டில் புளி என்பதே இல்லை. முடிந்தால் உடன்குடிக் கருப்பட்டியும் கொஞ்சம் புளியும் பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டும். நான் சௌக்கியம் என்று தங்கள் தங்கையிடம் தெரிவிக்கவும்.

அம்மா சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். "புளி கேட்டுல்லா எழுதியிருக்காரு. இவ்வளவு அழுகையும் வீணாப் போச்சே" என்றாள் எதிர்வீட்டு ஆச்சி. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றந்தான். அப்பா உறையைத் திருப்பிப் பார்த்து, "கப்பல்ல ஒரு மைப்பெட்டியை மூடி வைக்கத் தெரியலை, இவனுக சண்டை போடுதானுக" என்றார். உறை வழக்கம்போல் என்னிடம் வந்தது. மறுநாள் விடியும் முன்பே அதை எடுத்துக்கொண்டு மண்டிக்காரர் மகன் வீட்டுக்கு ஓடினேன். அவன் பார்த்ததும் பின்னால் நகர்ந்தான். "ஏலே, இது கருமாதிக் கவருலே. ஆல்பத்தில வச்சா எங்கம்மா கொன்னுருவா." முக்கோணம் கைக்கு வரவில்லை. அதற்காக மட்டும் அழுதேன்.

காரியம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நேர்ச்சை ஒன்று நடுவில் இருப்பதை நான் பொருட்படுத்தவில்லை.

சித்திரையில் மாமா விடுப்பில் வந்தார். அவருடைய பத்து வருட ஒப்பந்தம் அடுத்த வருடம் முடிய இருந்தது. நீட்டித்துக் கையெழுத்துப் போட்டால் பதவி உயர்வும் புதுக் கப்பலும் கிடைக்கும் என்று வந்ததுமே அப்பாவிடம் சொன்னார். அப்பா தரையைப் பார்த்தார். நேர்ச்சையைப் பற்றி அம்மாதான் சொன்னாள். மாமா அடுக்களை வாசலில் போய் நின்றார். "முருகன்கிட்ட கேட்டியே, என்கிட்ட கேட்டியா?" என்றார். அத்தை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். சாமியிடம் சொன்ன வார்த்தையை யார் திருப்பி வாங்க முடியும்? ஒப்பந்தம் முடிந்ததும் கப்பலிலிருந்து இறங்கி வந்து, அம்பாசமுத்திரம் மார்க்கெட் பக்கம் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தார். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். கடை நன்றாகவே நடந்தது.

வருடாவருடம் நேர்ச்சையைச் சொல்லித் திருச்செந்தூர் போவார்கள். நாங்களும் போவோம். எல்லோரும் கடலில் குளிப்போம். மாமா வேட்டியை மடித்துக் கட்டி, அலை தொடாத இடமாகப் பார்த்து மணலில் உட்கார்ந்திருப்பார். "கப்பல்காரருக்குக் கால் நனையப் பயமா இருக்கு போல" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். "ஆமா வே, சளி பிடிச்சிரும்" என்பார் மாமா. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு வருடம் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். மாமா கடையை அடைத்த பிறகும் உள்ளேயே இருப்பார். ஒருநாள் சாப்பிடக் கூப்பிடப் போனேன். ஒரு பழைய ரேடியோவை ஏதோ ஓர் அலையில் நிறுத்தி வைத்திருந்தார். டக் டக்கென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டுக் கேட்டுச் செய்தித்தாள் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தார். "யாரு மாமா பேசுதா?" என்றேன். "கொச்சிக்கு வெளிய ஒரு கப்பல் நிக்கி. மழை பலமா இருக்காம். உள்ள வர எடம் கேட்டுட்டிருக்கான்" என்றார். அந்தக் கப்பலுக்கு இடம் கிடைக்கிற வரையில் அவர் எழுந்து வரவில்லை. வெளியில் தெருவில் நின்றுகொண்டு என் பெருவிரலைப் பார்த்தேன். எத்தனை பெரிய காரியம் செய்துவிட்டோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அன்றைக்கும் சொல்லவில்லை. பிறகு வேலை, கல்யாணம், கல்லூரியில் பாடம் நடத்தியது, ஓய்வு பெற்றது. ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லாமலிருக்க ஒரு காரணம் கிடைத்தது.

போன தை மாதம் அந்த வேட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் போனேன். மாமாவுக்கு வயது எண்பதைத் தொட்டுவிட்டது. கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். இப்போது அது கைபேசிக் கடை. மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மை அப்பிய உறையை அவர் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமா முதலில் சிரித்தார். "அட மருமவனே, என்னைக் கரையில தள்ளினது உம்ம பெருவிரல்தானா?" என்றார். பிறகு உறையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். "இது எழுதும்போது மேல விமானச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எழுத்து கோணலா இருக்கு பாரும்."

"மன்னிச்சிருங்க மாமா" என்று அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரும் வே. கிழவனும் கிழவனும் அழுதுட்டு இருந்தா தெருவில போறவன் என்ன நினைப்பான்? ரேடியோ ரிப்பேர் பாத்தே ரெண்டு பிள்ளைகளப் படிக்க வச்சாச்சு. என்ன கொறஞ்சு போச்சு?" சொன்னாரே தவிர, உறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

காப்பி கொண்டுவந்த அத்தை வாசற்படியில் நின்றாள். "இவன் ஏன் அழுதான்?"

"நீ அன்னைக்குத் திருச்செந்தூரானுக்குக் காசு முடிஞ்சியே. அந்த மையைத் தடவினது இவனாம்."

"இவனா? கப்பல்ல எவனோ கையை வச்சிட்டான்னு நினைச்சேன்." அத்தை காப்பியை என் முன்னால் வைத்தாள். "எவன் தடவினா என்ன. அவரு உசிரோட இருக்காருன்னு எனக்கு அப்பவே தெரியும்."

மாமா நிமிர்ந்தார். "எப்படித் தெரியும்?"

"முத்திரையில தேதி இருந்துச்சே. கப்பல் முங்கிட்டுன்னு ஊரெல்லாம் சொன்னதுக்கு நாலு நாள் பிந்தின தேதி. முங்கின கப்பல்ல முத்திரை குத்துவாங்களா? இவன் மை தடவினதாலதான் அது பளிச்சுன்னு தெரிஞ்சுது."

அந்தத் தேதியின் மேல் ஈர்க்குச்சியால் எழுதியவன் நான். ஒவ்வோர் எண்ணையும் மூச்சடக்கி எழுதினேன். அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

"தெரிஞ்சுமா முருகன் பேரைச் சொன்னே?" மாமாவின் குரல் இறங்கியிருந்தது.

"வேற யாரு பேரைச் சொன்னா நீங்க இறங்கி வந்திருப்பிய? நான் கூப்பிட்டா வந்திருப்பியளா?" அத்தை சுவரில் சாய்ந்துகொண்டாள். "அந்தக் கடுதாசி மத்தியானம் பூரா மண்ணுல கெடந்துச்சு. எம்புருசன் எழுதினது, எனக்கு வாசிக்கத் தெரியும், நான் பிரிக்கக் கூடாது. எங்கண்ணன் பேரு. அத்தனை கடுதாசி போட்டியளே, ஒண்ணாவது என் பேருக்கு வந்துச்சா?"

"அப்ப அதுதான் வழக்கம்."

"வழக்கந்தான். கடுதாசி வராதுன்னு தெரிஞ்சுதான் ஆளையே வரவழைச்சேன்."

"அப்ப அந்தச் சத்தியம் பொய்."

"சத்தியம் பொய்யில்ல" என்றாள் அத்தை. "காரணந்தான் பொய்."

மாமா உறையை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்தார். பைய நடந்து தம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அத்தை என்னைப் பார்த்து, "காப்பியைக் குடிலே, ஆறுது" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. பாவத்தை இறக்கிவைக்கப் போனவன், ஐம்பது வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர்களுக்கு நடுவில் அதை இறக்கிவைத்துவிட்டு வந்திருந்தேன். என் மனது லேசாக வேண்டும் என்பதற்காக ஒரு கிழவருக்கு எண்பது வயதில் இது தெரிய வேண்டியிருந்தது.

வாரம் ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன். "பேசுதாரா அத்தை?"

"ரேடியோ பேசுது" என்பாள். "சாப்பிடுதாரு. தட்டைக் கழுவி வைக்காரு. முன்னெல்லாம் கழுவ மாட்டாரு. அதான் பயமா இருக்கு."

மாசி முழுக்க இப்படியே போயிற்று. நான் நேரில் போய்ச் சமாதானம் பேசவா என்று கேட்டதற்கு, "நீ பேசினது போதும்லே" என்றாள்.

பங்குனியில் ஒருநாள் காலை அவளே கூப்பிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"தபால்காரப் பையன் வாசல்ல நின்னு என் பேரைச் சொல்லிக் கத்துதான். எனக்கு யாருப்பா கடுதாசி போடப்போறான்னு போனேன். இந்த மனுசன் நடைபழகப் போறேன்னு போயிப் போட்டுட்டு வந்திருக்காரு. இந்தா இருக்கிற தபாலாபீசு. இங்கன இருந்து அங்கன போயிட்டு இங்கனயே வந்திருக்கு. உள்நாட்டுத் தபால், ரெண்டு பக்கமும் பொடிப்பொடியா எழுத்து."

"என்ன எழுதியிருக்காரு?"

பின்னால் மாமா எதற்கோ குரல் கொடுப்பது கேட்டது. இரண்டாவது தடவை கொஞ்சம் அதட்டலாகவே கேட்டது. "வாரேன், வாரேன், காப்பிக்கு இப்ப என்ன அவசரம்" என்று அவர் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு, என்னிடம், "அது எனக்கு வந்த கடுதாசில்லா" என்றாள்.

முத்திரை எப்படி விழுந்திருக்கிறது, தேதி தெரிகிறதா என்று கேட்க எனக்கு நாக்குத் துடித்தது. கேட்காமல் தொலைபேசியை வைத்தேன்.